ஒரு வாய் தேத்தண்ணி

பதுளை
03.03.2024

திரு. செ. சின்னராசா அவர்களுக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று நினைக்கிறேன். ஏழு வருடம் ஆகிறது. அதற்காக நான் பேசப்போவதில்லை, எழுதப்போகிறேன். உங்கள் மகள் துஷாந்தினியின் கல்யாண மண்டப வாசலில் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "இனி உங்க வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டேன், உங்களோட பேசவும் மாட்டேன்" என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே என் சொல் அப்படியே நிற்கிறது.

நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று றில்வான் சொன்னான். பசறை பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவன். சொந்தச் சித்தப்பனுக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்கவேண்டிய கல்யாணப் பத்திரிகையை, ஒரு கட்டு லீக்ஸோடு சேர்த்து யார் கையில் கொடுத்தனுப்பினீர்களோ, அவனேதான். நீங்கள் காலில் துணி சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்ததாகவும், இரத்தத்தில் சீனி ஏறிக் கிடப்பதாகவும், புண் ஆறவில்லை என்றும் சொன்னான்.

நம் அப்பாவுக்கும் முதலில் ஒரு விரலில்தான் புண் வந்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தூக்கிக்கொண்டு திரிந்தவர் நீங்கள்.

தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்துங்கள். காலையும் இரவும் கோதுமை மா ரொட்டி தின்பதை விடுங்கள். குரக்கன் மாவுக்கு மாறுங்கள், கீரை சாப்பிடுங்கள். புண் ஆறிய பிறகு, கவனிக்கவும், ஆறிய பிறகு, தினமும் நடக்க வேண்டும். அறுபத்தேழு வயதில் இதையெல்லாம் தொடங்கினால் பலனில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அண்ணியின் உடல்நலத்தையும் அறியத் தரவும்.

செ. கிருஷ்ணராஜ்
பிரதி அதிபர்


கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிசன்
பசறை
29.03.2024

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுறது,

இங்க நான், உன் அண்ணி, துஷாந்தினி குடும்பம் எல்லாரும் மாரியம்மா புண்ணியத்துல இருக்கோம். நீயும் கலாராணியும் நல்லா இருக்கீங்களா? உனக்கு அந்த முதுகு வலி இப்போ எப்படி?

உன் கடிதம் தோட்ட ஆபீஸ்ல ரெண்டு கிழமையாக் கெடந்துச்சு. உன் கையெழுத்து அழகப் பார்த்துட்டு கிளாக்கரையா ஏதோ கவர்மெண்டு கச்சேரிக் கடிதம்னு நெனச்சு எடுத்து வச்சிட்டாராம். கையில குடுத்ததும் உன் அண்ணி கவரைக் கிழிக்க விடல. கத்திய வச்சு மெதுவாப் பிரிச்சா. படிச்சுக் காட்டச் சொன்னா. திட்டு வந்த எடத்துலயும் சிரிச்சுக்கிட்டே இருந்தா.

கால்ல ஒண்ணுமில்லப்பா. பெருவிரலுக்குப் பக்கத்துல முள்ளு கிழிச்ச சின்னப் புண்ணு. ஆறிடும்.

சீனிய விடச் சொல்ற. விட்டுடலாம். ஆனா இப்போ திருவிழாவுக்குக் காசு சேர்க்க கமிட்டி ஆளுங்களோட லயம் லயமா, வீடு வீடாப் போய்க்கிட்டு இருக்கேன். நான்தான தலைவர். ஒரு வீட்டு வாசல்ல கால வச்சா தேத்தண்ணி வந்துரும், மூணு கரண்டி சீனியோட. வேண்டாம்னு சொன்னா அந்த வீட்டோட சண்டைன்னு அர்த்தம். உனக்குத் தெரியாததா?

கடிதத்துக்குக் கீழ பள்ளிக்கூடத்துப் பிரதி அதிபர்னு சீல் குத்தியிருக்க. தம்பின்னு ஒரு வார்த்த போட்டா கை நோகுமா?

திருவிழாவுக்கு வாயேன்.

உன் அண்ணன்
சின்னராசா


பதுளை
07.04.2024

திரு. செ. சின்னராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். முதுகு வலி எனக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. விசாரிப்பில் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்.

எனக்கும் சீனி வருத்தம் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வந்ததும் நான் யாரிடமும் ஒப்பாரி வைக்கவில்லை. விடிந்ததும் எழுந்து முத்தியங்கனை விகாரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். குரக்கன் கஞ்சி, அவித்த கடலை, மதியம் ஒரு கை சோறும் இரண்டு கை மரக்கறியும். பாடசாலையில் கூட்டம் நடந்தால் மேசையில் கேக் வைப்பார்கள். நான் தொடுவதில்லை. எனக்குக் கிடைக்கவேண்டிய அதிபர் நாற்காலியை என்னைவிட இளையவர் ஒருவருக்குக் கொடுத்த அன்றும் கேக் வைத்தார்கள். அன்றும் தொடவில்லை. இப்போது என் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நான் செய்ததை நீங்கள் செய்யமுடியாததற்குக் காரணம் லயத்துத் தேத்தண்ணி என்கிறீர்கள். உதவாத காரணம். "டொக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்தது. படித்தவர்கள் வீட்டில் அதைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

திருவிழாவுக்கு வர வசதிப்படாது. அண்ணிக்கு என் விசாரிப்பு.

செ. கிருஷ்ணராஜ்
பிரதி அதிபர்


கல்லுமலை
20.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க சுகம். அங்க உங்க சுகத்துக்கு எழுது. உனக்கும் இந்தக் கருமம் வந்திருக்குன்னு படிச்சதுல இருந்து உன் அண்ணிக்கு மனசு சரியில்ல. "அவரு சின்னப் புள்ளையில என் பின்னாலேயே சக்கரக்கட்டி கேட்டு வருவாரே"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா.

நீ சொன்ன வசனத்தச் சொல்லிப் பார்த்தேன். நடந்தத எழுதுறேன். மூணாம் லயத்து இராக்கம்மா வீட்டுக்குப் போனோம். "சீனி இல்லாம ஊத்து தாயி, டொக்டர் சொல்லியிருக்காரு"ன்னேன்.

அவ இடுப்புல கைய வச்சா. "ஏண்ணே, இராக்கம்மா வீட்டுல சீனிக்குக்கூட வக்கில்லன்னு லயம் பூரா பேசணுமா?"

"அப்படியில்ல தாயி, சீனி வருத்தம்."

"எனக்கும்தான் இருக்கு. நான் குடிக்கலையா? டொக்டரா வந்து உங்களுக்குக் கோயில் காசு குடுக்கப் போறாரு?"

நாலு கரண்டி போட்டுக் கொண்டாந்துட்டா. பக்கத்துலயே நின்னா, கோப்பை காலியாகுற வரைக்கும்.

அடுத்த வீட்டுல கண்டிப்பா வேண்டாம்னுட்டேன். அந்த வீட்டுக் காதுகுத்துக்கு எங்களக் கூப்பிடல.

நடையும் நடந்து பார்த்தேன். புண் ஆறட்டும்னு எழுதியிருந்த, நான்தான் பொறுக்காம இப்பவே எறங்கிட்டேன். ரோட்டுல கொஞ்ச தூரம் போயிருப்பேன், நம்ம கங்காணி மகன் நிமலன் மோட்டார் சைக்கிள நிப்பாட்டினான். "என்னா பெரியப்பா, எங்க போறீங்க?" "சும்மா நடக்குறேன்டா." "சும்மாவா? பெரியம்மாவோட சண்டையா? ஏறுங்க, நான் பேசி விடுறேன்." கொண்டாந்து வாசல்ல எறக்கி, உன் அண்ணிக்கு அரை மணி நேரம் புத்தி சொல்லிட்டுப் போனான். அவ இன்னும் என்னோட கோவமா இருக்கா.

ரப்பர் செருப்போட நடந்ததுல புண்ணு கொஞ்சம் பெருசாயிருச்சு. கிளினிக்ல ஏதோ சொன்னாங்க. அத விடு.

உன் அண்ணன்
சின்னராசா


பதுளை
02.06.2024

திரு. செ. சின்னராசா அவர்களுக்கு,

கிளினிக்கில் "ஏதோ" சொல்லவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்கவேண்டி வரும், அதற்குப் பிறகு காலையும் எடுக்க நேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் விசாரித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கலாராணி இரண்டு முறை வாசித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு எல்லா வீட்டு மனமும் முக்கியம். இராக்கம்மாவின் மனம் நோகக்கூடாது, காதுகுத்து வீட்டார் மனம் நோகக்கூடாது, நிமலன் மனம் நோகக்கூடாது. இத்தனை பேருக்கும் பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிற மனிதர், சொந்தத் தம்பி வீட்டு வாசலுக்கு மட்டும் பத்திரிகையைப் பஸ்ஸில் அனுப்பினீர்கள்.

காலை இழந்து வீட்டுக்குள் கிடந்தால் லயத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க வருவார்கள். அப்போதும் அண்ணிதான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும்.

இனி எழுதுவதாக இல்லை.

செ. கிருஷ்ணராஜ்
பிரதி அதிபர்


கல்லுமலை
25.08.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதலைன்னாலும் நான் எழுதுறேன். நாங்க எல்லாரும் சுகம். நீங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கணும்.

உன் கடைசிக் கடிதத்த அண்ணிக்குப் படிச்சுக் காட்டல. நானே ரெண்டு நாள் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை தேயிலை மலைக்குள்ள இருக்குற நம்ம மாடசாமி கல்லுக்குப் போயி, தேங்காய் ஒடச்சு ஒரு நேத்தி வச்சிட்டேன். நெனச்ச காரியம் நடக்குற வரைக்கும் சீனி தொடமாட்டேன்னு.

இப்போ பாரு தம்பி, ஒரு வீட்டுலயும் ஒரு பேச்சு இல்ல. "நேத்தி வச்சிருக்கேன்"னு ஒரு வார்த்த. இராக்கம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு, கழுவின கோப்பையிலதான் சீனி போடாம ஊத்துறா. கூடவே சக்கரக்கட்டி கடிக்கச் சொல்றதும் இல்ல. யாராச்சும் ஒரு புதுப் பொண்ணு சீனி போட வந்தா, "ஏய், மாமா நேத்தி"ன்னு மத்தவங்க அதட்டுறாங்க. எதுக்கு நேத்தின்னு ஒருத்தரும் கேக்கல. சொன்னா பலிக்காதுன்னு அவங்களுக்கே தெரியும். நீயும் கேக்காத.

ரொட்டியையும் குறைச்சுட்டேன். துஷாந்தினி குரக்கன் மா வாங்கிட்டு வந்து போடுறா. மொத நாள் மாட்டுக்கு வைக்கிறதுன்னு நெனச்சேன். இப்போ பழகிருச்சு. வல்லாரையும் தேங்காயும் போட்டுச் சம்பல் அரைச்சா ரெண்டு உள்ள போகுது.

புண்ணு காய்ஞ்சுக்கிட்டு வருது. மூடுற வரைக்கும் நடக்க வேண்டாம்னாங்க, அதனால உக்காந்த எடத்துலயே கைய கால ஆட்டிக்கிட்டு இருக்கேன். உன் அண்ணி பார்த்துட்டு "என்னா கூத்து இது"ங்குறா.

கோவப்படாம ஒரு வரி எழுது.

உன் அண்ணன்
சின்னராசா


பதுளை
15.09.2024

அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். மூன்று மாதம் கடிதம் இல்லாததால் நானும் கிளினிக் நாட்களில் றில்வானிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வேறு காரணம் எதுவுமில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். டொக்டர் சொல்லி நடக்காதது, நான் எழுதி நடக்காதது, ஒரு கல்லுக்கு முன்னால் தேங்காய் உடைத்ததும் நடந்துவிட்டது என்பதை ஏற்பது எனக்குச் சுலபமில்லை. ஆனால் சீனி இறங்கியிருக்கிறது. இறங்கியது எதனால் என்று இரத்தம் கேட்பதில்லை. நேர்த்தியை விடவேண்டாம். எதற்காக வைத்தீர்களோ அது ஆறுதலாக நடக்கட்டும்.

றில்வானிடம் ஒரு சோடி சப்பாத்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மெத்தென்ற அடி உள்ளது, முன்பக்கம் அகலமானது. உங்கள் கால் அளவு என்னுடையதைவிட ஒன்று பெரிது என்பது ஞாபகம் இருந்தது. உங்கள் பழைய சப்பாத்துக்குள் கடதாசி திணித்துப் போட்டுத்தானே நான் பள்ளிக்கூடம் போனேன். புண் முழுவதும் மூடி, கிளினிக்கில் சரி என்று சொன்ன பிறகே போடவும். போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல், முள் இருக்கிறதா என்று பார்க்கவும். காலை தினமும் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்கவும்.

நீங்கள் பஸ்ஸில் அனுப்பியதை நான் குறையாகச் சொல்லிவிட்டு, நானும் பஸ்ஸில்தான் அனுப்புகிறேன் என்று எண்ணவேண்டாம். பத்திரிகை வேறு, சப்பாத்து வேறு.

செ. கிருஷ்ணராஜ்


கல்லுமலை
10.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க சுகம். உங்க சுகத்துக்கும் கலாராணி சுகத்துக்கும் மாரியம்மாவ வேண்டிக்கிறோம். இந்தத் தடவ சீல் குத்தலன்னு உன் அண்ணி கவனிச்சுட்டா.

புண்ணு மூடிருச்சு. கிளினிக்ல நர்ஸ் நோனா தடவிப் பார்த்துட்டு சிங்களத்துல "ஹொந்தாய்", நல்லாருக்குன்னு சொன்னாங்க. மெதுவா நடக்கலாம்னாங்க.

சப்பாத்தப் போட்டுக்கிட்டு மொத நாள் வெளிய வந்தேன். லயத்துப் பொடியனுங்க "தொரை வாராரு"ன்னு கத்துனானுங்க. நிமலன் பழையபடி புத்தி சொல்ல வந்துருவான்னு பயந்து தோள்ல ஒரு கயிறப் போட்டுக்கிட்டேன். இப்போ யாரு கேட்டாலும் "மாடு தேடிப் போறேன்"னு சொல்லிடுறேன். மாட்ட நாங்க வித்து மூணு வருசமாச்சு. ஒருத்தனும் யோசிக்கல. நேத்து இராக்கம்மா மட்டும், "கெடைச்சிருச்சாண்ணே?"ன்னு கேட்டா. "இன்னும் இல்ல தாயி"ன்னேன். "நாளைக்கும் தேடுங்க"ன்னுட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போறா.

மேட்டுல ஏறும்போது முன்ன மாதிரி மூச்சு வாங்கல. ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. வேலைக்குப் போன காலத்துல மலை ஏறினதெல்லாம் கணக்குல இல்ல போல, இப்போ சும்மா நடக்குறதுதான் ஒடம்புல ஒட்டுது.

தம்பி, தைப்பொங்கலுக்கு வா. கலாராணியையும் கூட்டிக்கிட்டு வா. வந்து நம்ம வீட்டுல ஒக்காந்து ஒரு வாய் தேத்தண்ணி குடி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

உன் அண்ணன்
சின்னராசா


பதுளை
01.12.2024

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம்.

யோசித்தேன். நான் மறக்கவில்லை. மறக்கக்கூடியவனும் இல்லை. ஆனால் கலாராணி மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை, நானும் நடக்கும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு நடக்கிறேன்.

பொங்கலுக்கு வருகிறோம். தேத்தண்ணியும் குடிப்பேன். அரைக் கோப்பை, சீனி இல்லாமல்.

கிருஷ்ணராஜ்


கல்லுமலை
12.12.2024

அன்பும் மரியாதையும் உள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நான் இங்கே தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில்தான் இன்னும் வேலை செய்கிறேன். பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் இதை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

சித்தப்பா, கோபிக்க வேண்டாம். நீங்கள் பொங்கலுக்கு வரவேண்டாம்.

ஏழு வருடமாக நீங்கள் வரவேண்டும் என்று கும்பிட்டவள் நான். என் கல்யாணத்தில்தான் இந்தச் சண்டை வந்தது என்று என் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட நானே வரவேண்டாம் என்று எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அப்பா வைத்த நேர்த்தி என்னவென்று உங்களுக்குச் சொல்லவில்லை. மாடசாமி கல்லுக்குப் போனபோது அம்மா பக்கத்தில் நின்றிருக்கிறார். "என் தம்பி நம்ம வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் நான் சீனி தொடமாட்டேன்." இதுதான் நேர்த்தி.

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார், பொங்கலோடு நேர்த்தி முடிகிறது என்று. இராக்கம்மா அத்தை பயத்தம் பணியாரம் சுடப்போகிறாராம். காதுகுத்துக்குக் கூப்பிடாத வீட்டிலிருந்துகூட அப்பாவை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா சீனி டின்னைக் கழுவிக் காயவைத்துவிட்டார். நான் சத்தம் போட்டேன். அப்பா சிரிக்கிறார். "தம்பி குடிக்கிற அன்னைக்கு நானும் மூணு கரண்டி போட்டுத்தான் குடிப்பேன். அப்புறம் காலு போனாலும் பரவால்ல புள்ள" என்கிறார். வேறு நேர்த்தி வையுங்கள் என்றேன். "சாமிகிட்ட வெளாட்டா?" என்று கேட்டார். கிளினிக்கில் கேட்டேன். பழையபடி சீனிக்குப் போனால் இந்தப் புண் திரும்பவும் வரும், இந்தத் தடவை விரலோடு நிற்காது என்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் அப்பாவின் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அப்போது அது சீனி என்று எங்களுக்குத் தெரியாது. வெறுங்காலோடு பதுளைக்கு வந்து பிரதி அதிபர் வீட்டு வாசலில் நின்றால் உங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு என்று சொல்லி, றில்வான் அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

கோபமாகவே இருங்கள் சித்தப்பா. கொஞ்ச காலத்துக்கு.

உங்கள் மகள்
துஷாந்தினி


பதுளை
29.12.2024

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகமும் அண்ணியின் சுகமும் அறிய ஆவல். முக்கியமாகக் காலின் சுகம்.

பொங்கலுக்கு நாங்கள் வரவில்லை. தேத்தண்ணியும் குடிக்கப்போவதில்லை. பணியாரத்தை இராக்கம்மா லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். அண்ணியிடம் சீனி டின்னை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நேர்த்தி எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னவளைத் திட்டவேண்டாம், அவள் எழுதியிருக்காவிட்டால் என் கையாலேயே உங்கள் நேர்த்தியை முடித்துவைத்துவிட்டு, அரைக் கோப்பை குடித்த திருப்தியோடு பஸ் ஏறியிருப்பேன். அவள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். நடக்கவும் போகவில்லை. கலாராணிதான் சப்பாத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

செருப்பு நுழையாத கதையும் தெரியும். அதை ஏழு வருடம் என்னிடம் மறைத்தீர்கள். வெறுங்காலோடு நீங்கள் வந்தால் நான் வாசலில் நிறுத்தியிருப்பேன் என்று நினைத்திருக்கிறீர்கள். பத்திரிகைக் கோபத்தை விட்டாலும் இந்தக் கோபத்தை நான் விடுவதாக இல்லை. புதிதாக ஒன்று கிடைத்துவிட்டதால் கையில் சரக்குக் குறையவில்லை. ஆகவே நீங்கள் சீனி தொடாமல் இருப்பதற்கு என் பக்கத்திலிருந்து எந்தத் தடையும் வராது. நான் நெடுங்காலம் இருக்க உத்தேசித்திருக்கிறேன். அந்த அளவுக்கு நீங்களும் இருக்கவேண்டும்.

இனி ஒரு விஷயம். மண்டப வாசலில் நான் சொன்னது இரண்டுதான். பேசமாட்டேன், தேத்தண்ணி குடிக்கமாட்டேன். நடக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. நீங்களும் சாமியிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து தோட்டத்துச் சந்தியில் இறங்குவேன். ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே வாருங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். பசறைப் பக்கமாகக் கோயில் வளைவு வரை நடந்து திரும்புவோம். உங்கள் கால் எவ்வளவு தூரம் சொல்கிறதோ அவ்வளவு தூரம். நீங்கள் பேசிக்கொண்டே வரலாம், நான் கேட்டுக்கொண்டு வருவேன். என் தண்ணீர்ப் போத்தலை நானே கொண்டுவருகிறேன். அண்ணி கோப்பையோடு பின்னால் வந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

கயிறு வேண்டாம். நிமலனோ வேறு யாரோ எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், தம்பியோடு சண்டை, அதனால்தான் கூடவே நடக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கீழே என்ன போடுவது என்று யோசிக்கிறேன். பிரதி அதிபர் முத்திரை மேசையில் இருக்கிறது. அதைக் குத்தினால் உங்களுக்கு மனம் நோகும். நீங்கள் கேட்ட வார்த்தையைப் போட்டால், சண்டை தீர்ந்தது என்று கடிதத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போவீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கரண்டி போடுவார்கள். எழுத்தைப் பார்த்தாலே யாரென்று உங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடாமலே கவரை ஒட்டி, இப்போது நடக்கப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.